ஏழு புள்ளி நான்கு

எலுமிச்சம்பழம் நாக்கில்தான் புளிக்கும், உடம்புக்குள் போனதும் காரத்தன்மைக்கு மாறிவிடும். இதைச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் சிரிக்கிறார்கள். நீங்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள் ஐயா, நான் கவனித்தேன். பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது.

நான் நீச்சல் குளத்தில் தண்ணீர் பார்க்கிறவன். பத்தொன்பது வருடமாக அதே வேலை. பார்க்கிறவன் என்றால் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவன் இல்லை. காலையில் கதவைத் திறந்ததும் முழங்கை வரை கையை விட்டுத் தண்ணீர் எடுப்பேன், சோதனைத் தாளை நனைப்பேன், அதன் நிறத்தை டப்பாவில் ஒட்டியிருக்கும் அட்டவணையோடு ஒப்பிடுவேன். அமில-கார அளவு ஏழு புள்ளி நான்கு இருக்க வேண்டும். கீழே இறங்கினால் தண்ணீர் அமிலமாகிறது என்று அர்த்தம். குளிப்பவர்களுக்குக் கண் எரியும், ஏணிக் கம்பி அரிக்கும். சோடாத் தூளைக் கரைத்து ஊற்றினால் மறுநாள் சரியாகிவிடும். மனித ரத்தத்துக்கும் அதே ஏழு புள்ளி நான்குதான். இது நான் கட்டிவிட்ட கதை இல்லை, எந்த டாக்டரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் தங்கைக்குப் பதினோரு வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற வகை இல்லை, உடம்பில் இன்சுலின் சுத்தமாகச் சுரக்காத வகை. தினமும் ஊசி போட்டாக வேண்டும். அம்மாவுக்குக் கை நடுங்கும் என்பதால் நான்தான் போட்டுவிடுவேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "முடிஞ்சுதாண்ணா, முடிஞ்சுதாண்ணா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பிறகு தானே போட்டுக்கொள்ளப் பழகினாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள், முப்பத்து நான்கு வயது. அவள் என்றால் எனக்கு உயிர். அதை முதல் வரியாக எழுதிக்கொண்டாலும் சரி.

இரண்டு வருடத்துக்கு முன் குளத்தை ஒட்டிய கூடத்தில் ஒருவர் வந்து பேசினார். உடம்பில் அமிலம் சேர்வதால்தான் எல்லா நோயும் வருகிறது, சாப்பாட்டை மாற்றினால் மருந்தே வேண்டாம் என்றார். எல்லோருக்கும் ஒரு காகிதம் கொடுத்தார். சிவப்பு எழுத்தில் இறைச்சி, ரொட்டி, சர்க்கரை, காபி. பச்சை எழுத்தில் வெள்ளரி, கீரை, பாதாம், எலுமிச்சை. மற்றவர்கள் அந்தக் காகிதத்தால் விசிறிக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் பொறி தட்டியது. குளத்துக்கு நான் இத்தனை வருடம் செய்து வந்ததைத்தான் அந்த மனிதர் உடம்புக்குச் செய்யச் சொன்னார்.

அன்றைக்கே காகிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, சமையலை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். காபியை மட்டும் நான் விடவில்லை, என் உடம்பு தாங்கும். அவளுக்குக் காலையில் சோடா கலந்த தண்ணீர், பிறகு பச்சைப் பட்டியலில் இருப்பவை. எழுந்ததும் சிறுநீரை ஒரு கப்பில் பிடித்துக் குளியலறை ஜன்னலில் வைத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வேலைக்குக் கிளம்பும் முன் தாளை நனைத்துப் பார்ப்பேன். ஐந்தரை, ஆறு. மேலே ஏறவே ஏறாது. ஏன் ஏறவில்லை என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். ஒரு நாள் பார்த்தால், சோடாத் தண்ணீரைப் பாத்திரம் அலம்பும் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். கடையில் மத்தியானம் ரொட்டிதான் சாப்பிடுகிறாள் என்பதும் தெரிய வந்தது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

"நான் என்ன குளமாண்ணா? என்மேல யாரு வந்து குதிக்கிறாங்க?" என்றாள்.

அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

போன மாதம் ஒரு நாள், ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது அவளுடைய இன்சுலின் பாட்டில்கள் கண்ணில் பட்டன. நாள் முழுவதற்கும் போடுவது ஒன்று, சாப்பாட்டுக்கு முன் போடுவது ஒன்று. எதை எதையோ சோதித்த நான் அவற்றைச் சோதிக்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. முதல் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தாளில் விட்டேன். தாள் நான்கைக் காட்டியது. குளத்தில் நான்கு வந்தால் அன்றைக்கு ஒருவரையும் உள்ளே விட மாட்டேன். அந்த அமிலத்தை இவள் இருபத்து மூன்று வருடமாகத் தொடையில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள், அதில் சில வருடம் நானே ஏற்றியிருக்கிறேன். இரண்டாவது பாட்டிலில் தாள் சரியாகத்தான் காட்டியது. ஆனால் இரண்டும் ஒரே கடையில் வாங்கியவைதானே.

நான் அவளிடம் மறைக்கவில்லை. தாளைக் காட்டி, மருந்தை நிறுத்து என்றேன்.

"ஊசி போடலைன்னா நான் செத்துடுவேண்ணா. விளையாட்டுப் பேச்சில்ல இது" என்றாள். அதற்குமேல் பேச்சை வளர்க்க விடவில்லை.

சின்ன வயதிலிருந்து பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், பாவம். பயந்தவர்களிடம் வாதாடிப் பயனில்லை. அவள் கடைக்குப் போன பிறகு இரண்டு பாட்டிலிலும் இருந்ததைப் பாதி எடுத்துவிட்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சேர்த்தேன். சோடா ஒரு சிட்டிகை. ஏழு புள்ளி நான்கு வரும்வரை நான்கு முறை தாள் நனைத்தேன். ஒரு வாரம் கழித்து மீதியையும் எடுத்துவிட்டேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

அவள் விரலில் குத்திப் பார்க்கும் கருவியில் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. "மருந்து கெட்டுப்போச்சு போலண்ணா, புதுசு வாங்கிட்டு வா" என்றாள். வாங்கி வந்தேன். அதையும் அதேபோல் சரிசெய்துதான் கொடுத்தேன்.

மறுநாள் வாந்தி. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். மூச்சு ஓடி வந்தவள் மாதிரி இரைத்தது, வாயில் அழுகிய பழத்தின் வாடை. நஞ்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்று காகிதத்தின் பின்பக்கம் போட்டிருந்தது. கப்பில் தாளை நனைத்தேன். அதுவரை பார்த்திராத அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. திருட்டுத்தனமாக எதையோ தின்றிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுடைய பை, அலமாரி, கட்டிலுக்கு அடியில் என்று தேடினேன், ஒரு பிஸ்கட் துணுக்குகூடக் கிடைக்கவில்லை. என்ன பெண் இவள் என்று அலுத்துப்போனேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாண்ணா. முடியல."

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோம்மா, நாளைக்குச் சரியாயிடும்" என்றேன். ஓய்வு வேண்டுமே என்று அவளுடைய போனை என் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் திரும்பி வந்தபோது குளியலறைத் தரையில் கிடந்தாள். நான் கூப்பிட்டதற்குக் கண் மட்டும் திறந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். நேரம் கடத்தவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஒரு பெண் டாக்டர் வெளியே வந்து, என் தங்கை இறந்துவிட்டாள் என்று சொன்னார். "இன்சுலின் உள்ள போகலைன்னா ரத்தமே அமிலமாயிடுங்க. இவங்களுக்கு ரொம்ப மோசமாகிடுச்சு. ஊசி போடறதை நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

இல்லை, கடைசிவரை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை என்றேன். அது பொய் இல்லை. அந்த ஊசியில் மருந்து இல்லை என்பதைத்தான் சொல்லவில்லை, அதை இப்போது உங்களிடம் சொல்கிறேன். பாட்டில்களைக் காலி செய்தது நான். புதிதாக வாங்கியதிலும் தண்ணீரை நிரப்பியது நான். போட்டுக்கொண்டால்தான் பிழைப்பேன் என்று அவள் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் அந்த டாக்டர் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவளுடைய ரத்தம் அமிலமாகிவிட்டது என்றார். இரண்டு வருடமாக அந்த வீட்டில் நான் ஒருவன் தலைபாடாக அடித்துக்கொண்டது அதைத்தான்.