ஒரு இறாலும் சாகல்ல

மழை விட்ட மறுநாள், புதன்கிழமை. சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் மூவர். யன்னலோரம் கண்மூடிச் சாய்ந்திருந்தவர் மூளைக்காய்ச்சல் சுகமாகி அன்றுதான் வீடு திரும்புகிறவர். நடுவில் அவர் மனைவி, அடுத்து அவளுடைய தம்பி. ஆண்கள் இருவருக்கும் ஒரே இறால் பண்ணையில் வேலை.

தம்பி அக்காவிடம் கேட்டான்: “ராத்தா, இறாலுக்கு வைரஸ் வந்தா நாங்க குளத்தோட அழிச்சிருவோம். மச்சான்ட மூளைக்குள்ள வந்தது எப்பிடிப் போச்சு? மருந்தா?”

“அதுக்கு மருந்தே இல்லயாம். அவர்ட உடம்புதான் விரட்டினது. மத்த இடத்துல எண்டா வைரஸ் புகுந்த செல்ல உடம்பே சாகடிச்சிருமாம். மூளையில செத்தா திரும்ப முளைக்காதே. அதனால கொல்லாம, இன்டர்ஃபெரோன் எண்டு ஒரு சிக்னல் அனுப்புமாம். அது கிடைச்சதும் அந்தச் செல்லே வைரஸ அடக்கிப்போடுமாம். டொக்டர் சொன்னாங்க.”

“அப்ப ஒண்டும் அழியல்லயா? பஸ்ல ஏறினதுல இருந்து மச்சான் ஒரு வார்த்தையும் கதைக்கல்லயே.”



முந்தல் ஊரைத் தாண்டும்போது கணவர் கண் திறந்து, வெளியே தெரிந்த பண்ணையைப் பார்த்தார்.

“டேய் மச்சான், நம்மட மூணாங்குளத்துல தண்ணிக்குக் காத்து ஏத்துற சக்கரம் சுத்தல்ல. இறால் மூச்சு முட்டிச் சாகப்போகுது. முதலாளிக்குக் கோல் எடு.”

தம்பி அவசரமாகப் போனை எடுத்தான். அவள் கணவரின் தலையில் கைவைத்து, பஸ் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்:

“பாத்தியாடா? இந்தக் குளத்துல ஒரு இறாலும் சாகல்ல.”