வெள்ளையன் வயிற்றிலிருந்த குண்டு

பெயர் செங்கோடன், வயது 41, தகப்பனார் பெயர் சின்னக்கண்ணு. வாசலூர்பட்டி, கொல்லிமலை வட்டம், நாமக்கல் மாவட்டம். தொழில் விவசாயம். 16.02.2025 ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு அரசு மருத்துவமனை புறக்காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் அவர்கள் கேட்க நான் சொல்லியது.

நான் மேற்கண்ட விலாசத்தில் மனைவி கலைச்செல்வி, மகள் கோகிலாவுடன் குடியிருந்து வருகிறேன். எனக்கு மிளகுக் காடு ஒன்றரை ஏக்கரும் அதையொட்டி மரவள்ளி முக்கால் ஏக்கரும் உள்ளது. கார்த்திகையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கி மரவள்ளியைத் தோண்டித் தின்று வந்தன. பழைய சேலையை வேலியாகக் கட்டியும் பட்டாசு போட்டும் பார்த்தேன், இரண்டு நாள் வராமல் இருந்து மூன்றாம் நாள் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்தன. பன்றியைச் சுடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏர்கன் என்னும் காற்றுத் துப்பாக்கி வாங்க நினைத்தேன்.

முள்ளுக்குறிச்சியில் செல்போன் கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி சதீஷ்குமாரிடம் இதைச் சொன்னேன். அவர் குறி பார்த்துச் சுடும் பழக்கம் உள்ளவர். அதன் பிறகு இரண்டு மாதமாக அவர் அனுப்பிய ஏர்கன் வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு யோசிக்கவில்லை என்று என் மனைவி கேலி செய்தாள். நேற்று அவர் போன் செய்து, குறைந்த விலையில் பழையது இரண்டு கைக்கு வந்திருப்பதாகவும், இரண்டையும் சுட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றும், லைசென்ஸ் எல்லாம் வேண்டியதில்லை என்றும் சொன்னார். நான் அதை வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை.

இன்று காலை ஏழரை மணிக்கு அவர் தன் காரில் இரண்டு துப்பாக்கிகளையும் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். சின்னது குழலை மடித்து உள்ளே ஸ்பிரிங்கை இறுக்கிச் சுடுவது, குண்டு ஐந்தரை மில்லிமீட்டர். பெரியது கைப்பம்பால் காற்றடித்து நிரப்பிச் சுடுவது, குண்டு ஒன்பது மில்லிமீட்டர். சின்னது லேசு, விலையும் பாதி, எத்தனை தடவை வேண்டுமானாலும் சுடலாம். பெரியதற்கு ஒரு தடவை காற்றடித்தால் நாலைந்து குண்டுதான் போகும். சதீஷ்குமார், "மச்சான், பலகைய அடிச்சுப் பழகறதுக்குச் சின்னது போதும். பன்னிக்குன்னா பெரிசுதானுங்க. சின்னதுல அடிச்சா காயத்தோட ஓடிப்போயி எங்காச்சும் கெடந்து அழுகிச் சாகும்" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது.

அதன் பிறகு பத்து மணி வாக்கில் மரவள்ளிக் காட்டின் ஓரத்தில் ஒரு பெட்டிப் பலகையை நட்டு, எண்ணெய் டின் மூடியை அதில் ஆணியடித்து வைத்தோம். பலகைக்கு நேர் பின்னால் என் மிளகுக் காடு இருந்தது. எங்கள் குடும்பத்தில் மிளகுக் கொடி நிற்கும் காட்டுக்குள் செருப்போடு போக மாட்டோம், வேலியில் உள்ளே நுழையும் கடவில் கழற்றிவிட்டுத்தான் போவோம். உள்ளே ஆள் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை, கடவில் செருப்பு கிடக்கிறதா என்றுதான் பார்ப்போம். நான் போய்ப் பார்த்தேன். செருப்பு இல்லை. ஆள் இல்லை என்று சதீஷ்குமாரிடம் சொன்னது நான்தான்.

முதலில் சின்னதில் இரண்டு பேரும் ஐந்தைந்து குண்டு சுட்டோம். பத்தும் பலகையிலேயே பதிந்து நின்றன. அதன் பிறகு பெரியதில் நான் மூன்று குண்டு சுட்டேன். சதீஷ்குமார் அதைத் தொடவில்லை. மூன்றாவது சுட்டதும் மிளகுக் காட்டுக்குள் தொப்பென்று சத்தம் கேட்டது, கிளை முறிந்திருக்கும் என்று நினைத்தேன். பலகையில் மூன்று ஓட்டை விழுந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். இதுவே இருக்கட்டும் மாப்ள என்று சொன்னேன். அப்போதுதான் உள்ளே ஒரு ஆள் முனகினார்.

ஓடிப் போய்ப் பார்த்தபோது மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் முள்ளுக்குறிச்சி வெள்ளையன், வயது 52, மல்லாந்து கிடந்தார். அவரை மிளகு பறிக்கத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பானேன் என்று முதல் பஸ்ஸில் வந்து நேராகக் காட்டுக்குள் போய் ஏணி போட்டு ஏறியிருக்கிறார். அவர் எங்களிடம் வேலைக்கு வருவது இதுவே முதல் வருஷம், கடவில் செருப்பு விடும் வழக்கம் அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. அவருடைய செருப்பு மரத்தடியில் கிடந்தது. இடது விலாவுக்குக் கீழே சட்டையில் சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை இருந்தது. ரத்தம் அதிகம் வரவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

சதீஷ்குமார் என்னைத் தள்ளிக் கூட்டிப் போய், "மச்சான், ஏணியிலருந்து உழுந்துட்டாருன்னே சொல்லுங்க. வருசத்துக்கு நாலு பேரு உழுகறாங்க, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஏணிக் கணு குத்திருச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார். எங்கள் ஏணி ஒற்றை மூங்கில், கணுக்களில் நீட்டும் கட்டையைச் செதுக்காமல் விட்டு அதில்தான் கால் வைத்து ஏறுவோம், அதனால் அது நம்பும்படி இருந்தது. நான் சரி என்றேன்.

அதன் பிறகு அவரைக் காரின் பின் சீட்டில் படுக்க வைத்துத் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு துப்பாக்கிகளும் அதே சீட்டுக்கு அடியில் இருந்தன. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி திரும்பும்போதெல்லாம் அவை உருண்டு என் காலில் இடித்தன. வெள்ளையன் நினைவோடு இருந்தார். "ஏனுங்க தம்பி, என்னமோ கடந்தை கொட்டுனாப்ல இருந்துச்சு, கை நழுவிருச்சுங்க. பறிச்ச மொளகு பூராம் சிந்திப்போச்சு, கோவிச்சுக்காதீங்க" என்றார். பிறகு தன் மனைவியை நினைத்து, "கயிறு கட்டாம ஏறுனேன்னு முனியாயிகிட்டச் சொல்லிப்போடாதீங்க, வைவா" என்றார். நான் சரி அண்ணா, பேசாமல் படுங்கள் என்றேன். அடிவாரம் வரும் வரை அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசி சில வளைவுகளில் பேச்சு நின்றுவிட்டது. அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கையை வைத்தே பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டி குலுங்கியதால் எது அவர் மூச்சு என்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் அம்மாவிடம், மரத்திலிருந்து விழுந்தார், ஏணிக் கணு குத்திவிட்டது என்று நான்தான் சொன்னேன். அவர்கள் ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். அதற்குள் தகவல் தெரிந்து வெள்ளையன் மனைவி முனியாயி ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். அவர் என் இரண்டு கையையும் பிடித்து, "நீங்க இல்லீன்னா எங்கூட்டுக்காரரு காட்டுலயே கெடந்திருப்பாருங்க சாமி" என்று அழுதார். நான் கையை உருவிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கேயே இருந்துவிடலாமா, பின்பக்கமாகப் போய்விடலாமா என்று யோசித்ததும் உண்மை.

திரும்பி வந்தபோது டாக்டர் அம்மா வேகமாக வெளியே வந்து, பிரஷர் இறங்குகிறது, கணு எவ்வளவு ஆழம் குத்தியது என்று கேட்டார்கள். "கணு இல்லீங்க. குண்டுங்க. நான் சுட்டதுங்க" என்று சொன்னேன். எப்படிப்பட்ட குண்டு என்று கேட்டார்கள். ஈயம், ஒன்பது மில்லிமீட்டர், ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் கூட, பலகையைத் துளைத்துக்கொண்டு போனது என்று சொன்னேன். என் மகள் பிறந்த தேதியைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன், இதை யோசிக்காமல் சொன்னேன். உடனே அவரை ஆபரேஷனுக்கு எடுத்துப் போனார்கள். அப்போது மதியம் ஒன்றேகால். நாங்கள் வந்து சேர்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்த முக்கால் மணி நேரம் என்னால் போனது.

நான் சொன்னதைக் கேட்டதும் சதீஷ்குமார் கார் சாவியை என் மேல் எறிந்துவிட்டு நடந்து போய்விட்டார். எங்கே போனார் என்று தெரியாது. சாவியை உதவி ஆய்வாளர் அவர்களிடம் நானே கொடுத்தேன். துப்பாக்கி இரண்டும் சீட்டுக்கு அடியில் உள்ளன.

குண்டை எடுத்துவிட்டதாகவும் வெள்ளையன் இன்னும் கண் விழிக்கவில்லை என்றும் நாலரை மணிக்குச் சொன்னார்கள். எனக்கு ஜெயிலுக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய், பயம்தான். ஆனால் அவர் கண் விழிக்காமல் போய்விட்டால், தன் கை நழுவித்தான் விழுந்தோம் என்று நினைத்துக்கொண்டே போய்விடுவார். அதை நினைத்தால் உட்கார முடியவில்லை.

இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டும்போது முனியாயி வந்து கதவோரம் நின்று கேட்டார். நிறுத்தும்படி நான் சொல்லவில்லை. முடிந்ததும் அவர் என்னைப் பார்த்து, "அப்ப அவரு கை நழுவி உழுகலீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க அக்கா, நான் சுட்டுத்தான் உழுந்தாரு" என்று சொன்னேன். அவர் ஆபரேஷன் அறை வாசலுக்குத் திரும்பிப் போனார். அதையும் சேர்த்து எழுதும்படி நான் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டது.

இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்தபடியே சொன்னேன், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

(ஒப்பம்) சி. செங்கோடன்

என் முன்பாக,
உதவி ஆய்வாளர்
16.02.2025, மாலை 6.50