கடைசி வண்டியின் கட்டை

மாலை ஆறே முக்கால். மலையில் இறங்கும் சாலை. முன்னால் ஒரு வண்டியும் இல்லை. பனி மட்டும்...

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவு கிடக்கட்டும், காற்றுதான்.

நடந்தது நம் கூட்டாளியின் சித்தப்பாவுக்கு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரி செய்து கொடுக்கிற மனுஷன், அன்று காரில் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்கப் பயந்துகொண்டு ஓட்டினார். பின் ஸீட்டில் அவருடைய அண்ணி கண்ணயர்ந்திருந்தார்.

என்ன பயம் என்று தெரிய, பத்து வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது அண்ணனும் தம்பியும் ஒரு பயணம் கிளம்பினார்கள். மேற்குக் கடலில் கால் நனைத்துவிட்டு, மலையைத் தாண்டி, மறுநாள் கிழக்குக் கடலில் கால் நனைப்பது. அண்ணனின் வெகுநாள் ஆசை. இந்தக் கடல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போய் அந்தக் கடலில் ஊற்றுவாராம். தம்பி காரில் வந்தார். அண்ணனுக்குப் பழைய பைக். கழுத்தில் கேமரா, வாயில் எந்நேரமும் பெப்பர்மின்ட். அந்த பைக்கின் சத்தம் கேட்டாலே வீட்டில் எழுந்து போய்க் கதவைத் திறப்பார்கள். டப்... டப்... டப்... அப்புறம் ஒரு துடிப்பு விட்டுப்போகும். மறுபடி டப்.

மலைக் கணவாயைத் தாண்டி இறங்குகிற இடத்தில் மண் சரிந்து, ஒரு வண்டி போகிற அகலம்தான் மிச்சம் இருந்தது. மேலே ஒரு சாவடி, கீழே ஒரு சாவடி. நடுவில் போன் எடுக்காது. அதனால் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். இறங்குகிற வரிசையில் கடைசி வண்டியிடம் ஒரு முழ நீளத்தில் சிவப்புக் கட்டை ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். கட்டை கீழே வந்து சேர்ந்தால் சாலை காலி என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் கீழே நிற்கிற லாரிகளை மேலே விடுவார்கள். வழியில் யாராவது உங்களுக்குப் பின்னால் தங்கிவிட்டால், கட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் நீங்கள் நகர வேண்டும்.

அன்று கட்டை தம்பியிடம் இருந்தது. அண்ணன் முன்னால் போனார். போனாரா? வளைவுக்கு வளைவு நின்றார். பள்ளத்தாக்கு ஒரு படம், அருவி ஒரு படம், மேகம் நாலு படம். தம்பிக்குக் குளிர், பசி, எரிச்சல். மூன்றாவது வளைவில் அண்ணன் மறுபடி ஓரங்கட்டி, 'நீ போ, அதைக் கொடு' என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

தம்பி பார்த்தார். நன்றாகவே பார்த்தார். 'இந்த ஆளுக்கு வேற வேலையில்லை' என்று முனகிக்கொண்டு தாண்டி வந்துவிட்டார்.

கீழே சாவடிக்காரர் கேட்டார். "பின்னாடி யாராவது வராங்களா சார்?"

ஆமாம் என்றால் திட்டு வாங்கிக்கொண்டு காத்து நிற்க வேண்டும். ஒரு பைக்தானே, லாரி வந்தால் ஒதுங்கத் தெரியாதா...

"யாரும் இல்ல."

கட்டை கை மாறியது. லாரிகள் ஏறின. அரைமணி நேரத்தில் ஆட்கள் மேலே ஓடினார்கள். மூன்றாவது வளைவில் உடைந்த பாட்டிலும் பெட்ரோலும், ரோடெல்லாம் பெப்பர்மின்ட் வில்லைகளும்... அண்ணனை முப்பதடிக்குக் கீழே இருந்துதான் தூக்கினார்கள்.

விசாரணையில் தம்பி சொன்னது ஒரே கதை. அண்ணன் மேலேயே தங்கிவிட்டார், கட்டை போன பிறகு அவராக நுழைந்திருப்பார். தடுக்காமல் விட்டார் என்று மேல் சாவடிக்காரருக்கு வேலை போயிற்று. "அவர் எப்பவும் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டாரு" என்று அண்ணி செத்தவரையே குறை சொல்லி அழுதார். தம்பி பக்கத்தில் நின்று தலையாட்டினார். பத்து வருஷமாக அவரை அரித்தது அந்தத் தலையாட்டல்தான்.

இந்த வருஷம் அண்ணி, அவர் விட்ட பயணத்தை நான் முடிக்கணும் என்றார். இவரால் தட்ட முடியவில்லை. அதே மழைக்காலம், அதே மண்சரிவு, அதே ஏற்பாடு. இவர் கார்தான் கடைசி. மேல் சாவடிக்காரர் கட்டையைப் பின் ஜன்னல் வழியாக அண்ணி மடியில் வைத்துவிட்டுத் தடுப்பை இறக்கினார். இவர் கண்ணால் பார்த்தார்... தங்களுக்குப் பின்னால் யாரையும் விடவில்லை.

ஆனால் மூன்றாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், பின்னால் ஒரு விளக்கு.

ஒற்றை விளக்கு.

இவர் வேகத்தைக் குறைத்தார். அதுவும் குறைத்தது. வளைவில் ஓரங்கட்டினார். அதுவும் நின்றது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி, பத்தடி நடந்தார். விளக்கு பட்டென்று அணைந்தது. ஈரத் தார்ரோடு. ஆள் இல்லை, டயர் தடம் இல்லை. எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம்... ஓடி வந்து காரில் ஏறியவர் அப்புறம் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

கீழ்ச் சாவடி வந்தது. லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. சாவடிக்காரர் வந்து குனிந்தார்.

"பின்னாடி யாராவது வராங்களா சார்?"

இவர் முன்னால் நின்ற லாரிகளைப் பார்த்தார். "யாரும்..."

"சரி, கட்டையைக் குடுங்க."

திரும்பினார். அண்ணி மடி காலியாக இருந்தது. அண்ணி முழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"நீங்க இறங்கிப் போனீங்கல்ல தம்பி... அப்ப இந்தப் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினாரு. ஹெல்மெட்டைக் கழட்டல. 'அதைக் குடும்மா, நான்தான் கடைசி'ன்னாரு. அந்தக் குரல் எனக்குத் தெரியாதா... குடுத்துட்டேன்."

அப்போதுதான் இவருக்கு உறைத்தது. கார் முழுக்க பெப்பர்மின்ட் வாசனை.

"இன்னொன்னும் சொன்னாரு. 'அன்னிக்குத் தம்பி குடுக்க மறந்துட்டான், பாவம்'னாரு." அண்ணி இவர் முகத்தையே பார்த்தார். "மறந்துதான் போனீங்களா?"

நீட்டிய கை. சிரித்த முகம். பத்து வருஷப் பொய்க்கு இப்போது அண்ணனே ஒரு சாக்கும் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்ல அண்ணி," என்றார். "கேட்டாரு. பாத்துட்டேதான் வந்தேன்."

அண்ணி கதவைத் திறந்து இறங்கிப் போய், தடுப்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்து நின்றார். கட்டை வராமல் லாரியை விடாதீங்க என்று சாவடிக்காரரிடம் சொன்னார். அந்தக் குரலைக் கேட்ட டிரைவர்கள் ஒவ்வொருவராக இஞ்சினை அணைத்தார்கள்.

அப்புறம் எல்லாருக்கும் கேட்டது. மேலே, வெகு தூரத்தில்...

டப்... டப்... டப்...

இறங்கி வருகிற மாதிரிதான் இருந்தது. விடிகிற வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. வந்து சேரவில்லை.