இருபத்து மூன்றாவது பெயர்

பிரதமருக்கு வெள்ளெழுத்து. ஆனால் கேமரா முன்னால் கண்ணாடி போடமாட்டார். அதனால் வெளிநாட்டுப் பயணங்களில் அவர் வாசிக்க வேண்டியதை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் அடித்துக் கொடுப்பது புரோட்டோகால் அதிகாரியான என் வேலை. இரண்டாவது பக்கம் இருந்தால் புரட்டமாட்டார். பத்தொன்பது வருடம், முப்பத்தொரு பயணம். யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள், ஐயா.

என் தங்கை கணவனைப் பற்றிக் கேட்டீர்கள். வாய்க்கொழுப்பு பிடித்த ஆள். விமான நிலையத்தில் நான் பிரதமருக்குக் குடை பிடித்தது ஒருமுறை டிவியில் வந்தது. அன்றிலிருந்து அவனுக்கு நான் 'குடைக்கார மச்சான்'. என் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டே, "மழை வர்ற மாதிரி இருக்கு, மச்சானைக் கூப்பிடுங்க" என்பான். என் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். நான் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பதினாறு தடவை சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான்.

பிறகு வெளிநாட்டில் துறைமுக வேலைக்குப் போனான். அங்கே வேலைநிறுத்தத்தில் ஒரு கிடங்கு எரிந்து, காவலாளி செத்துப்போனார். அவனையும் சேர்த்து நம் ஆட்கள் இருபத்து மூன்று பேருக்குத் தூக்கு. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளியாக வந்த தலைவர் பேச்சுவார்த்தை மேசையில் தன் வாயால் பெயர் சொல்லிக் கேட்டால் மன்னிப்பு. சொல்லாத பெயருக்குக் கிடையாது.

பயணத்துக்கு முன்னால் தங்கை என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, அவர் பேரு இருக்குல்ல?"

"நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை?"

"அவர் கிண்டல் பண்ணதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க."

"வீட்டுக்குப் போம்மா. பட்டியல் அடிக்கணும்."

அடித்தேன். இருபத்திரண்டு பெயர்கள் கச்சிதமாக உட்கார்ந்தன. ஒன்று அடுத்த பக்கத்துக்குப் போனது. எழுத்தைச் சின்னதாக்கினால் பிரதமர் திணறுவார், நாட்டுக்கே தலைகுனிவு. யாரையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். வேறு வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டுச் சொந்தக்காரனைச் சேர்த்திருந்தால் நீங்களே என்னைச் சும்மா விட்டிருப்பீர்களா?

பிரதமர் தங்குதடையில்லாமல் வாசித்தார். எதிரே இருந்த அதிபர் தலையசைத்தார். கைகுலுக்கினார்கள், படம் எடுத்தார்கள். விடுதலையானவர்கள் எங்கள் விமானத்திலேயே வந்தார்கள். தங்கை விமான நிலைய வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசி ஆளும் வெளியே வந்த பிறகு, "அவர் எங்கண்ணா?" என்று கேட்டாள். அவர்கள் தரப்பில் ஏதோ சிக்கல் என்றேன். நான்காம் நாள் தூக்கில் போட்டுவிட்டார்கள். இப்போது அவளும் பிள்ளைகளும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். எந்த அண்ணன் இந்தக் காலத்தில் இப்படிப் பார்த்துக்கொள்கிறான்?

ஓட்டல் தொலைபேசிப் பதிவை மேசையில் வைத்திருக்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். சந்திப்புக்கு மறுநாள் காலை, நான் காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது அதிபர் மாளிகையிலிருந்து அழைத்தார்கள். ரொம்ப மரியாதையான குரல். சிறையில் இருப்பது இருபத்து மூன்று பேர், உங்கள் பட்டியலில் ஒருவர் விடுபட்டிருக்கிறார், தவறுதலாக விட்டதென்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிரதமரே சொன்னதாக எடுத்துக்கொண்டு அவரையும் சேர்த்து அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். என் உத்தியோகத்தில் ஒரு வெளிநாடு என் வார்த்தைக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் காக்க வைத்தேன். பிறகு, விடுபடவில்லை, நாங்களாக நீக்கியதுதான் என்று சொன்னேன்.