பதினான்கு பேர் காத்திருந்த காலையில் கணினி முன் நின்றவருக்கு

நின்றுபோன இயந்திரங்களை நிதானத்தால் நிமிர்த்தியவரே, பதறிய எங்களைப் பக்குவமாய்ப் பணியில் அமர்த்தியவரே, இருபத்தொன்பது ஆண்டுகள் இம்மருத்துவமனையின் கணினிப் பிரிவைக் கண்ணும் கருத்துமாய்க் காத்து இன்று விடைபெறும் எங்கள் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய அம்மையீர், வணக்கம்.

தங்களைப் பற்றிய மடலில் எதை எழுதலாம் என்று சென்ற வாரம் கேட்டோம். தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "எழுதுறதா இருந்தா அந்தத் திங்கட்கிழமைய எழுதுங்க. அத விட்டுட்டு நல்லது மட்டும் எழுதினா நான் மேடைக்கே வரமாட்டேன்."

ஆகவே அதையே எழுதுகிறோம். அன்று தங்கள் அருகில் நின்ற மருந்தாளுநர் எழுத, ஏனையோர் படித்துத் திருத்திய மடல் இது.

பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. எங்கள் மருத்துவமனையில் புற்றுநோய்க்கான மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பகல்நேரக் கூடத்தில் பதினான்கு சாய்வு நாற்காலிகள் உண்டு. காலை எட்டு மணிக்குப் பதினான்கிலும் ஆட்கள் அமர்ந்துவிடுவார்கள். செவிலியர்கள் கையில் ஊசி பொருத்திவிட்டுக் காத்திருப்பார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் கலவை அறையில், ஒவ்வொருவருக்கும் சென்ற முறை எவ்வளவு மருந்து கொடுத்தோம், உடல் அதை எப்படித் தாங்கியது என்று கணினியில் பார்த்த பிறகே இம்முறைக்கான மருந்தைக் கலக்க முடியும். அளவு கூடினால் ஆளையே கொல்லும் மருந்து அது. குறைந்தால் நோயைத் தொடாது.

அந்தத் திங்கட்கிழமை காலை கலவை அறைக் கணினி திறக்கவில்லை. 'புதுப்பிப்பை முடிக்க இயலவில்லை, மாற்றங்கள் நீக்கப்படுகின்றன, கணினியை அணைக்க வேண்டாம்' என்ற வரி மட்டும் நீலத் திரையில் நின்றது. வெகுநேரம் கழித்துக் கணினி தானே அணைந்தது, தானே எழுந்தது, மறுபடி அதே வரியைக் காட்டியது.

தாங்கள் வந்தபோது எட்டு மணி பத்து நிமிடம். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கலவை அறை வாசலிலேயே நின்றிருந்தார். "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்களேன்" என்றார்.

தாங்கள் குனிந்து பெட்டியின் முகப்பில் மினுக்கிய சிறு விளக்கைப் பார்த்தீர்கள். "உள்ள எழுதிட்டிருக்கு சார். இப்ப நிறுத்தினா பாதியில நிக்கும். அப்புறம் நமக்கு ஒண்ணுமே மிஞ்சாது."

மென்பொருள் ஒப்பந்தக்காரர் தொலைபேசியில் வேறு வழி சொன்னார். வட்டை முழுவதும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால் நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்றார். இதை எழுதும் நானும் அப்போது அதைத்தான் விரும்பினேன். பதிவுகளின் நகல் ஒவ்வொரு நாளும் மையக் கணினிக்குப் போகிறது, அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தாங்கள் மையக் கணினியைத் திறந்து பார்த்தீர்கள். தங்கள் முகம் மாறியதை நான் கண்டேன்.

நகல் எடுப்பது இருபத்தாறு நாட்களுக்கு முன்பே நின்றுபோயிருந்தது. அன்று வந்திருந்த பதினான்கு பேருக்கும் கடைசியாக மருந்து கொடுத்தது அந்த இருபத்தாறு நாட்களுக்குள்தான். அவர்கள் கையிலிருந்த அட்டையில் தேதியும் மருந்தின் பெயரும் உண்டு, அளவு இல்லை. அளவு இருந்தது ஒரே இடத்தில், விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்த அந்தப் பெட்டிக்குள்.

"டிஸ்க் கிட்டத்தட்ட நிரம்பியிருக்கணும்" என்றீர்கள். "அதனாலதான் நகலும் போகல, அப்டேட்டும் முடியல. வெள்ளிக்கிழமை எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே நேரத்துல அனுப்பிவிட்டேன். ஒண்ணுல போட்டுப் பார்த்துட்டு அனுப்பியிருக்கணும். இடம் இருக்கான்னாவது பார்த்திருக்கணும். பார்க்கல."

பிறகு தாங்கள் செய்த காரியம் எங்களில் எவருக்கும் தோன்றாதது. இயந்திரத்தைத் தொடும் முன்பு கூடத்துக்குப் போனீர்கள். எட்டு மணியிலிருந்து கையில் ஊசியோடு அமர்ந்திருந்தவர்களிடம் அதுவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"மருந்து கலக்குற அறையில கம்ப்யூட்டர் நின்னுபோச்சு" என்றீர்கள். "நான்தான் அதுக்குப் பொறுப்பு, தப்பும் என்னோடதுதான். உங்க கணக்கு எல்லாம் உள்ள இருக்கு, அழியல. வெளிய எடுக்கப் பார்க்கறேன். எவ்வளவு நேரம் ஆகும்னு இப்ப சொல்லத் தெரியல. தெரிஞ்ச உடனே வந்து சொல்றேன்."

ஜன்னலோர நாற்காலியில் இருந்த பேருந்து ஓட்டுநர்தான் முதலில் பேசினார். "வண்டி நடுவழியில நின்னா, டிரைவர் இறங்கி வந்து ஜனங்ககிட்ட சொல்லணும். நீங்க சொல்லிட்டீங்க. போய் வண்டியப் பாருங்கம்மா."

அவருக்குத் துணையாக வந்திருந்த அக்கா அவ்வளவு எளிதில் விடவில்லை. "நாலு தடவ இந்த மருந்தத் தாங்கிட்டான் என் தம்பி. இதுல நாள் தள்ளிப்போனா எவ்வளவு கெடுதல்னு டாக்டரே சொல்லியிருக்காரு. தப்புன்னு சொன்னா போதுமா?" என்று கேட்டார். தாங்கள் தலைகுனியவும் இல்லை, வாதாடவும் இல்லை. "போதாதும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தீர்கள்.

வந்ததும் பெயர்ச்சீட்டு அச்சிடும் கருவி, பட்டைக்குறி படிக்கும் கருவி என்று அந்தக் கணினியோடு இணைந்திருந்த ஒவ்வொன்றையும் கழற்றி மேசை ஓரத்தில் வைத்தீர்கள். பழுதுபார்க்கும் மென்பொருள் இருந்த பென்டிரைவைச் செருகினீர்கள். பிறகு காத்திருந்தீர்கள். கணினி தன் வேலையை முடித்துத் தானே அணைந்து எழும் அந்த ஒரு நொடிக்காக அரை மணி நேரம் நின்றீர்கள். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. கண்காணிப்பாளர் மூன்று முறை வந்து போனார்.

ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குத் திரை கறுத்தது. தங்கள் விரல் விசையில் விழுந்தது. பென்டிரைவிலிருந்து கணினி எழுந்ததும் வட்டுக்குள் எட்டிப் பார்த்தீர்கள். பழைய அறிக்கைகளின் படங்கள் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பிக் கிடந்தன. ஊகித்தது சரியாகத்தான் இருந்தது. உடனே எதையும் அழிக்கவில்லை, சரிசெய்யவும் முனையவில்லை. பதிவுகளை மட்டும் வெளி வட்டுக்கு நகலெடுக்கத் தொடங்கினீர்கள். பாதியில் நகல் எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டிய பச்சைக் கோடு நகராமல் நின்றது. தாங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். ஆறு நிமிடம் கழித்துக் கோடு மறுபடி நகர்ந்தது.

பத்து மணிக்கு நகல் முடிந்தது. பக்கத்து அறைக் கணினியில் திறந்தோம். பதினான்கு பெயர்களும் இருந்தன. ஒவ்வொரு பெயரையும் தேதியையும் தாங்கள் உரக்கப் படிக்க, செவிலியர் நோயாளியின் அட்டையைப் பார்த்துச் சரி என்று சொல்ல, அதன் பிறகே நான் மருந்தைக் கையில் எடுத்தேன். சொன்ன சொல் தவறாமல் கூடத்துக்குப் போய்ச் செய்தி சொன்னீர்கள்.

ஆயினும் அந்த நாள் முழு வெற்றியோடு முடியவில்லை. கூடம் மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். ஏழு மணி நேரம் ஏற்ற வேண்டிய மருந்து இரண்டு பேருக்கு இருந்தது. அவர்களுக்கு நேரம் போதவில்லை. ஊசியைக் கழற்றி, மறுநாள் வரச்சொல்லி அனுப்பினோம். அவர்களில் ஒருவர் மூன்று பேருந்து மாறி வந்த பெரியம்மா. தாங்கள் அவருடைய பையைச் சுமந்துகொண்டு வாசல்வரை போனீர்கள். திரும்பி வந்து, பழைய படங்களை வேறிடத்துக்கு மாற்றி, பாதியில் நின்ற புதுப்பிப்பின் கோப்புகளை நீக்கி, வட்டில் பழுது உண்டா என்று சோதித்து, அதே புதுப்பிப்பை மீண்டும் நிறுவி முடித்தபோது மணி நான்கு. அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும், "ரெண்டு பேரத் திருப்பி அனுப்பிட்டேன்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டதாகத் தங்கள் மகள் எங்களிடம் கூறினார். காப்பாற்றிய பன்னிரண்டு பேரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

புதன்கிழமை விசாரணைக் கூட்டம் நடந்தது. புதுப்பிப்பில் கோளாறு, வெளியிட்ட நிறுவனமே பொறுப்பு என்று கண்காணிப்பாளர் அறிக்கை எழுதி வைத்திருந்தார். தங்கள்மேல் இருந்த அன்பினால்தான் அப்படி எழுதினார். தாங்கள் அதைப் படித்துவிட்டு, "அவங்க அனுப்பினதுல குறை இல்ல சார். அதேதான் இப்ப ஒழுங்கா ஓடுது. என் பேரப் போட்டு எழுதுங்க. இல்லன்னா அடுத்த தடவையும் இது நடக்கும்" என்றீர்கள். அறிக்கை மாற்றி எழுதப்பட்டது. அவ்வாண்டு தங்களுக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றித் தாங்கள் எவரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை.

அதன் பிறகு வந்ததுதான் இன்று நாங்கள் கடைப்பிடிக்கும் முறை. எந்தப் புதுப்பிப்பும் முதலில் தங்கள் அறையிலுள்ள பழைய கணினிக்குத்தான் போகும். வந்ததையெல்லாம் முதலில் சுவைத்துப் பார்த்து, எல்லாப் பழியையும் தான் வாங்கிக்கொள்வதால், அதற்கு 'மூத்த மருமகள்' என்று பெயரிட்டோம். அது ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் அலுவலகக் கணினிகளுக்குப் போகும். கலவை அறைக்கு எல்லாவற்றுக்கும் கடைசியில். காலை வந்தவுடன் முந்தைய நாள் நகல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு தாங்கள் நின்றதில்லை, அதைத் திறந்து ஒரு பதிவைப் படித்தும் பார்ப்பீர்கள். இந்தப் பதினொரு ஆண்டுகளில் மூத்த மருமகள் எத்தனையோ முறை விழுந்திருக்கிறாள். கூடத்தில் ஒருவர்கூடக் கணினியால் காத்திருந்ததில்லை.

தங்கள் அறிவை மெச்ச ஆயிரம் சொற்கள் எங்களிடம் உண்டு. ஆற்றலை அளக்க அதற்கு மேலும் உண்டு. ஆனால் தன் பிழையைத் தானே முன்வந்து சொல்லும் நெஞ்சுரத்தைத் தங்களிடம் கண்ட பிறகு எங்களில் பலர் மாறினோம். கை தவறி மருந்துப் புட்டியை உடைத்த செவிலியர் அதை மறைப்பதில்லை. தவறான தேதி எழுதிய எழுத்தர் அவரே வந்து சொல்கிறார். இதைத் தாங்கள் எங்களுக்கு எந்த வகுப்பிலும் நடத்தவில்லை.

அம்மையீர், தங்கள் கண்ணொளி குறையாதிருக்க, கால்கள் தளராதிருக்க, கணவர், மகள், பேரப்பிள்ளைகள் சூழ நோயின்றி நெடுநாள் வாழ்ந்திருக்க நெஞ்சார வேண்டுகிறோம். நாளை முதல் எந்தக் கணினி நின்றாலும் தங்களை அழைப்பதில்லை என்று எங்களுக்குள் முடிவு செய்திருக்கிறோம். ஆகவே எங்கள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எழுந்து செருப்பைத் தேட வேண்டாம். சாப்பிட்டாயிற்றா என்று கேட்கத்தான் கூப்பிடுவோம்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
கணினிப் பிரிவினர், கலவை அறையினர், பகல்நேரக் கூடத்துச் செவிலியர்கள் மற்றும் மருத்துவமனை ஊழியர் அனைவரும்