ஒரு சிட்டிகை இரும்புத்தூள்

வண்டி வேலை முடியும்வரை காத்திருப்பவர்களுக்கு உட்கார நல்ல நாற்காலி ஒன்று வேண்டும் என்பது என் கட்சி. மற்ற ஒர்க்‌ஷாப்புகளில் பழைய டயரைக் காட்டி அதன்மேல் உட்காரச் சொல்வார்கள். என்னிடம் கைப்பிடி வைத்த பிரம்பு நாற்காலி இருக்கிறது. என் மகள் வந்தால் அதைத் துடைத்து, மின்விசிறிக்கு நேராகப் போடுவேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். நூலகத்தில் வேலை அவளுக்கு. நாள் முழுக்க மற்றவர்களைப் பேசாதே என்று அடக்குகிற வேலை. அங்கே அடக்கிவைத்த பேச்சையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து என்னிடம் அவிழ்ப்பாள்.

நீங்கள் கேட்டது காரின் மீட்டர் பலகையில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைப் பற்றி. அதற்கே வருகிறேன், மேடம். நாற்காலியில் தொடங்கினால்தான் டேப் புரியும்.

அவளை நான் எலி என்று கூப்பிடுவேன். என் மனைவி இறந்துபோனபோது இவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மாலையில் நேரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிடுவாள். என் கை நுழையாத சந்தில் நட்டு விழுந்தால் அவள் கைதான் போகும். முழங்கைவரை கிரீஸ் பூசிக்கொண்டு நட்டை எடுத்து நீட்டுவாள். "எலிக்குக் கூலி என்னப்பா?" என்பாள். அப்படி வளர்ந்தவள். அவளும் நானும் மட்டும்தான் அந்த வீட்டில்.

பிறகு மாப்பிள்ளை வந்தார். அவள் தேடிக்கொண்ட மாப்பிள்ளை. மருந்துக்கடை வைத்திருந்தார். நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் தொடர்ந்து தாமதமாகவே திருப்பிக் கொடுத்து, அபராதம் கட்டிக் கட்டியே அவளை வளைத்தவர் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் இரத்த அழுத்த மாத்திரையை அவர்தான் மறக்காமல் கொடுத்தனுப்புவார். நான் அவருக்குத் தீங்கு நினைத்தேன் என்று எழுதாதீர்கள். நினைக்கவே இல்லை.

கல்யாணத்துக்கு என் பழைய காரையே கொடுத்தேன். கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்ட வண்டி. ஏ.பி.எஸ். உள்ள வண்டி. அது என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் பல் வைத்த வளையம் ஒன்று சுற்றும். எதிரில் விரல் நுனி அளவு சென்சார் இருந்து அந்தப் பற்களை எண்ணிக்கொண்டே இருக்கும். அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் இறுகி நின்றுவிடாமல், விட்டு விட்டுப் பிடிக்கவைப்பது அந்த எண்ணிக்கைதான். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால்தான் ஸ்டீயரிங்குக்கு வண்டி கட்டுப்படும். இறுகிவிட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் அது நேரே வழுக்கிக்கொண்டு போகும்.

அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். காலி மைதானத்தில், தரையை நனைத்துவிட்டு, ஓங்கி மிதிக்கச் சொன்னேன். மிதித்தாள். பெடல் காலுக்கடியில் படபடவென்று அதிர்ந்ததும் பயந்து காலை எடுத்துவிட்டாள்.

"அப்பா, உள்ள யாரோ காலைப் பிடிச்சு ஆட்டுறாங்க."

"ஆட்டட்டும். நீ காலை எடுக்காத. ஒரே மிதி, அப்படியே ஸ்டீயரிங்கைத் திருப்பு. மிச்சத்தை வண்டி பாத்துக்கும்."

இன்னொன்றும் சொன்னேன். மீட்டரில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் ஏ.பி.எஸ். வேலை செய்யவில்லை என்று பொருள். அப்போது ஒரே மிதியாக மிதிக்கக்கூடாது. விட்டு விட்டு மிதிக்க வேண்டும். விளக்கு இருந்தால் விட்டு விட்டு, இல்லையென்றால் ஒரே மிதி. பாடம் ஒப்பிப்பதுபோல் திருப்பிச் சொன்னாள். ஒருமுறை சொன்னால் போதும் அவளுக்கு.

கல்யாணமான புதிதில் வாரந்தவறாமல் வந்தாள். பிறகு போன். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி வைக்கிறேன். நான் குறை சொல்லவில்லை. குடும்பம் என்றால் அப்படித்தான். வீட்டில் சோற்றை வடித்துவிட்டு இரண்டு தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பேன். அதுவும் பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை.

அப்போதுதான் ஒருநாள் அந்த விளக்கு எரிந்தது. நிஜமாகவே எரிந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை. காரை ஓட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். சிறிய கருவியைச் செருகிப் பார்த்தேன். முன்பக்க இடது சக்கரம் என்று காட்டியது. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினேன். சென்சாருக்குள் காந்தம் உண்டு. பிரேக் தேயத் தேய உதிரும் இரும்புத்தூள் அதன் மூக்கில் போய் அப்பிக்கொள்ளும். துணியால் துடைத்தால் தீர்ந்தது. சில நிமிட வேலை.

நான் சாயந்திரம் ஆகும் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. அவள் நூலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து பாதி தின்றாள். குழந்தை தள்ளிப்போகிறது என்றும், மாமியார் ஜாடை பேசுகிறார் என்றும், மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் சொல்வதில்லை என்றும் அன்றைக்குத்தான் சொன்னாள். இதெல்லாம் போனில் வராது, மேடம். கையில் வேலையிருக்கிற ஆள் எதிரில், அவன் முகம் பார்க்காமல் பேசினால்தான் வரும். நான் சுத்தமான சக்கரத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு கேட்டேன்.

துடைத்த பிறகு விளக்கு எரியவில்லை. நன்றாக வேலை செய்தவன் நான்தானே. அவளும் வரவில்லை.

அடுத்து ஆயில் மாற்ற வந்தாள். ஆயில் மாற்ற அதிக நேரம் பிடிக்காது. கிரைண்டிங் மிஷின் அடியில் இரும்புத்தூள் எப்போதும் குவிந்துகிடக்கும். ஒரு சிட்டிகை எடுத்தேன். குழம்பில் உப்புக் குறைந்தால் போடுவோமே, அவ்வளவுதான். சென்சாரின் மூக்கில் வைத்தால் அது தானே பிடித்துக்கொள்ளும். கொஞ்சநாள் ஓடி ஈரமும் தூசியும் சேர்ந்ததும் விளக்கு எரியும். ஏ.பி.எஸ். நின்றாலும் சாதாரண பிரேக் இருக்கிறது. விளக்கும் எச்சரிக்கிறது. எச்சரித்தால் எப்படி மிதிப்பது என்று அவளுக்குத் தெரியும். ஆபத்து எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அதன்பின் அடிக்கடி வந்தாள். மாப்பிள்ளையும் ஓரிருமுறை கூட வந்தார். "மாமா, இந்த வண்டி புகுந்த வீட்டுக்கு வரவே மாட்டேங்குது. அடிக்கடி பொறந்த வீட்டுக்கு ஓடி வந்துடுது" என்பார். அவள் அவர் தலையில் குட்டுவாள். மூன்று பேரும் சிரிப்போம். அவருக்கு நாற்காலி இல்லை, டயர்தான். அதற்கும் அவர் முகம் கோணியதில்லை.

ஒரு குறை. சென்சார் அதன் குழிக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஒவ்வொருமுறையும் ஸ்க்ரூ டிரைவரை இடையில் விட்டு நெம்பித்தான் எடுக்க வேண்டும். அந்த நெம்பல் பக்கத்திலிருக்கும் பல் வளையத்தில் படும். ஒரு வண்டியின் ஆயுளில் ஒன்றிரண்டு தடவை செய்கிற வேலை அது. நான் அளவில்லாமல் செய்தேன்.

கடைசியாக வந்தது மாப்பிள்ளையும் அவளும் சேர்ந்து. மறுநாள் காலையில் அவருடைய அக்கா வீட்டுக்கு வெளியூர் போவதாக இருந்தார்கள். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. மழைக்காலம். இவளை இந்த வண்டியில அனுப்பவே எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்குச் சரியாகலைன்னா கம்பெனி சர்வீஸ்ல காட்டிடுறேன். முடியாதுன்னா வித்துட்டு வேற பாப்போம்."

"எங்க அப்பாவால முடியாததை அவங்க கிழிச்சிடுவாங்களா?" என்றாள் அவள்.

அன்றைக்கு நான் உண்மையாகவே சரிசெய்துவிடத்தான் நினைத்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். தூளை எல்லாம் துடைத்தேன். துடைத்த பிறகும் விளக்கு அணையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். பல் வளையம் விரிசல் விட்டிருந்தது. இரண்டு பற்கள் நசுங்கியிருந்தன. சுற்றிலும் ஸ்க்ரூ டிரைவர் நெம்பிய தழும்புகள். வேறு எந்த மெக்கானிக்கும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவான், இதை யாரோ வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கிண்டியிருக்கிறார்கள் என்று.

புது வளையம் வரவழைக்க நாளாகும். வளையம் போய்விட்டது என்று சொன்னால், சரி மாமா, கம்பெனியிலேயே மாற்றிக்கொள்கிறோம் என்பார். அங்கே கழற்றுவார்கள். பார்ப்பார்கள். அவள் காதுக்குப் போகும்.

அவள் மின்விசிறிக்கு அடியில் அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் மீட்டர் பலகையைக் கழற்றினேன். உள்பக்கம், அந்த ஒரு விளக்கின் மேல் மட்டும், கறுப்பு டேப்பைச் சின்னதாக வெட்டி ஒட்டினேன். ஊரிலிருந்து திரும்பியதும் சும்மா ஒரு செக்கப் என்று வரவழைத்து, புது வளையம் போட்டு, டேப்பை எடுத்துவிடலாம் என்பது என் திட்டம். இன்னொரு நாள் வருவாள் என்பதும் அதில் இருந்தது. மறைக்கவில்லை.

"முடிஞ்சுது மாப்ள. இனி எரியாது" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க மாமா. ஏதோ வாய் தவறிப் பேசிட்டேன்."

மறுநாள் காலை கிளம்பும்போது அவள் போன் செய்தாள். "அப்பா, சாவி போட்டா எல்லா விளக்கும் ஒருதடவை மின்னிட்டு அணையும்ல? அது மட்டும் மின்னவே இல்லப்பா. பரவாயில்லையா?"

எலிக்குக் கண்ணும் கூர்மை. நான் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை பக்கத்திலேயே இருந்தார், ஸ்பீக்கரில் அவர் இருமியது எனக்குக் கேட்டது.

"சரியாயிடுச்சுன்னு அர்த்தம்மா. நிம்மதியாப் போயிட்டு வா" என்றேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். மழை. வளைவு. கல் ஏற்றிய லாரி பின்பக்கமாகச் சாலைக்கு வந்தது. அவள் மீட்டரைப் பார்த்திருப்பாள், விளக்கு இல்லை. நான் சொல்லிக்கொடுத்தபடி ஒரே மிதியாக மிதித்தாள். காலை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினாள். திருப்பிய நிலையிலேயே சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு போயிருக்கின்றன. சாலையில் கிடந்த தடத்தை நானும் போய்ப் பார்த்தேன். இடதுபக்கம்தான் மோதியது. அவருடைய பக்கம். அவளுக்கு மணிக்கட்டில் மட்டும் முறிவு.

உங்களிடம் அவள் என்ன எழுதிக்கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும். அப்பா சரியாகத்தான் வண்டியைக் கொடுத்தார், நான்தான் மிதிக்கத் தெரியாமல் மிதித்துவிட்டேன், பெடல் அதிரவே இல்லை, காலில் பலம் இல்லாமல் மிதித்திருப்பேன் என்று எழுதியிருக்கிறாள். மாமியார் அவளை வாசலிலேயே நிறுத்தி, என் பிள்ளையைக் கொன்றுவிட்டு எந்த முகத்தோடு வருகிறாய் என்று கேட்டார்களாம். அங்கிருந்து நான்தான் அழைத்துவந்தேன்.

இப்போது வீட்டில் இருக்கிறாள். சமையலறையில் உட்கார்ந்து வலதுகாலை ஓங்கித் தரையில் மிதித்துப் பார்க்கிறாள். எவ்வளவு பலம் போதும் என்று பார்க்கிறாள் போலிருக்கிறது. நான் தடுப்பதில்லை. சோறு பிசைந்து கையில் கொடுத்தால் சாப்பிடுகிறாள். போனவாரத்தைவிட ஒரு வாய் அதிகம்.

தூள் வைத்தது நான். வளையத்தை உடைத்தது நான். டேப் ஒட்டியது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். என்மேல் எந்த வழக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நீங்களும் ஒரு அப்பாவுக்குப் பெண்தானே. இது அவளுக்குத் தெரிய வேண்டாம். தன் கால்தான் தவறியது என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும். அந்தத் துக்கம் நாளாக ஆக ஆறிவிடும். இது தெரிந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

நான் ஸ்டேஷனுக்குத் தனியாக வரக்கூடாது என்று அவளும் கூட வந்திருக்கிறாள். கட்டுப்போட்ட கையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்சம் அந்தக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள், மேடம். போவதானால் எங்கே போவாள்? அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?