மதாம் வீட்டுக் கடிகாரங்கள்

அமீர் நிஷா: யா அல்லாஹ்... இது அத்தனையும் கடிகாரமா?

லூர்தம்மாள்: பார்த்து வாங்கம்மா, கீழே எல்லாம் வைக்கோலு. மதாமோட பீங்கான் சாமானைப் பெட்டியில அடுக்கிக்கிட்டு இருக்கோம்.

அமீர் நிஷா: என்னங்க, என் கையைப் புடிச்சுக்குங்க. எனக்கு வழுக்குது.

தாவூது: வயசாயிடுச்சு உனக்கு. வா, வா.

அமீர் நிஷா: ஆமா, நீங்க மட்டும் இப்பத்தான் மாப்பிள்ளை ஊர்வலத்துலேருந்து எறங்குனீங்க.

தாவூது: மதாம் எங்கே, லூர்தம்மா?

லூர்தம்மாள்: மாதா கோயிலுக்குப் போயிருக்காங்க மரைக்காரய்யா, சாமியார்கிட்ட சொல்லிக்க. அடுத்த வாரம் புதுச்சேரியில கப்பல் ஏறணும். "இத்தனை வருசமா சமைச்ச கையோட நீதானே இதுங்களுக்குச் சாவி குடுத்தே, வர்றவங்களுக்கு நீயே காட்டு"ன்னுட்டாங்க.

தாவூது: பிரெஞ்சுக் கொடியை இறக்குனப்பவே கெளம்பிடுவாங்கன்னு நெனச்சேன்.

லூர்தம்மாள்: மனசு வரல அவங்களுக்கு. இந்தப் பாந்தூலுங்களை... அவங்க பாசையில கடிகாரத்துக்கு அதான் பேரு... திருப்பிக் கொண்டுபோகவும் மனசு வரல. கப்பல்ல ஆடி ஆடிக் கெட்டுப்போயிடுமாம். இந்த ஊர்லயே நாலு நல்ல வீட்டுல ஓடட்டும்னாங்க. உங்களுக்கு எது மாதிரி வேணும்?

தாவூது: அடிக்கிறது. நல்லா அடிக்கணும்.

லூர்தம்மாள்: வீட்டுல கடிகாரமே இல்லீங்களா?

தாவூது: கூடத்துல ஒண்ணு இருக்கு. ஊமை. நடுராத்திரித் தொழுகைக்கு முழிப்பு வந்தா இவளை எழுப்பி மணி கேக்கணும். பகல்ல கடையில மவனைக் கேக்கணும். மணி என்ன, மணி என்னன்னு... யாரையும் கேக்காம இருந்தா போதும்னு இருக்கு எனக்கு.

லூர்தம்மாள்: ஏன், எழுந்து கூடத்துல போய்ப் பார்த்தா...

அமீர் நிஷா: லூர்தம்மா, இந்தக் கறுப்புக் கடிகாரம் எதுல செஞ்சது?

லூர்தம்மாள்: அதுவா? சலவைக்கல்லு. மதாமோட வீட்டுக்காரர் முசே இருந்த காலத்துல அவரு மேசைக்கு எதிரே இருந்துச்சு.

அமீர் நிஷா: என்னா பளபளப்பு! என் முகமே தெரியுது அதுல. ஐயோ, அந்த நீலப் பீங்கானைப் பாருங்களேன். ரோசாப்பூ போட்டிருக்கான், ஒவ்வொரு இதழுக்கும் நெழல் வேற. இவ்வளவு பொடிசா எப்படிங்க வரைஞ்சான்? மூச்சு விட்டா கலைஞ்சுடும் போல இருக்கு.

தாவூது: ம்... நல்லா இருக்கு. நல்லா இருக்கு.

லூர்தம்மாள்: கொஞ்சம் பேசாம நில்லுங்க. பன்னெண்டு ஆகப்போவுது.

தாவூது: எல்லாமே அடிக்குமா?

லூர்தம்மாள்: உஸ்... இந்தா, ஆரம்பிச்சுடுச்சு.

அமீர் நிஷா: சுப்ஹானல்லாஹ்! ஒண்ணுக்கொண்ணு பதில் சொல்லிக்குதே...

தாவூது: பேசாதே, பேசாதே... எப்படித் தேஞ்சு தேஞ்சு போவுது பாரு... லூர்தம்மா, கடைசியா அடிச்சு முடிச்சுதே, அது எது?

லூர்தம்மாள்: நடுவுல இருக்கே, தங்க முலாம் போட்டது. மதாமோட கல்யாணத்துக்கு வந்த சீரு.

தாவூது: என்னா ஓசை... பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி. மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு எனக்கு. நிஷா, இதான். வேற எதையும் பார்க்க வேணாம்.

அமீர் நிஷா: கொஞ்சம் பொறுங்க...

தாவூது: என்ன பொறுக்கறது? பார்க்கவும் என்னா லட்சணம்! தொழுற கூடத்துல, நாம முகம் வைக்கிற கிப்லா பக்கமா வச்சா...

லூர்தம்மாள்: தொழுற கூடத்துலயா! இதையா, மரைக்காரய்யா?

அமீர் நிஷா: லூர்தம்மா...

லூர்தம்மாள்: இல்லம்மா, போன வாரம் காஜா மைதீன் மரைக்கார் வந்து, இதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. உருவம் வச்ச சாமான் தொழுற வீட்டுக்கு ஆகாதுன்னாரு. இதுல மேலே ஒரு பொம்பளை சாஞ்சு உக்காந்திருக்காளே, முழங்கை ஒசரத்துக்கு... தோள்ல துணிகூட இல்லாம!

தாவூது: பொம்பளையா...?

லூர்தம்மாள்: பக்கத்துல றெக்கை வச்ச புள்ளை வேற. மரைக்காரய்யாவுக்கு... தெரியலீங்களா?

தாவூது: தெரியாம என்ன... வெயில்லேருந்து வந்தேனா... கண்ணு கூசிப்போச்சு.

அமீர் நிஷா: கண்ணும் கூசல, ஒண்ணும் கூசல. என்னைச் சோதிக்கிறாரு, லூர்தம்மா. தங்கத்தைப் பார்த்த ஆசையில நான் சரின்னு சொல்லிடுறேனான்னு பார்க்கறாரு. நிக்காஹ் ஆன நாளா இவருக்கு இதே வேலை.

லூர்தம்மாள்: அதானே பார்த்தேன்! மரைக்காரய்யாவுக்கு இன்னும் குறும்பு போகல.

தாவூது: ...ஆமா. சும்மாத்தான்.

அமீர் நிஷா: அலமாரியில கைப்பிடி வச்சு ஒண்ணு இருக்கே, அது?

லூர்தம்மாள்: அது பிரயாணக் கடிகாரம். முசே போலகம், கோட்டுச்சேரின்னு வண்டி கட்டிக்கிட்டுப் போறப்ப கூடவே எடுத்துக்கிட்டுப் போவாரு. நாலு பக்கமும் கண்ணாடி. உருவம் கிருவம் ஒண்ணும் இல்ல.

தாவூது: அவ்வளவு சின்னதா? அது அடிச்சு யாருக்குக் கேக்கும்?

லூர்தம்மாள்: மேலே ஒரு பொத்தான் இருக்கு. அழுத்திப் பாருங்க.

அமீர் நிஷா: இங்கே... இந்தா, என் விரல் இருக்கற எடத்துல.

தாவூது: ...நிஷா! அடிக்குது!

லூர்தம்மாள்: கடைசியா ஆன மணியைத் திருப்பிச் சொல்லும். ராத்திரி முசே விளக்கு ஏத்த மாட்டாரு. படுத்தபடியே ஒரு அழுத்து.

தாவூது: பன்னெண்டும் அடிச்சுது... மறுபடியும் அழுத்தலாமா?

லூர்தம்மாள்: எத்தனை தடவை வேணும்னாலும்.

தாவூது: அலுத்துக்காதா?

அமீர் நிஷா: அது என்ன நானா, அலுத்துக்க?

தாவூது: யா ரப்பே... கையளவு பெட்டி. கேட்டா சொல்லுது. இருட்டுல ஒரு மனுசன் தவிப்பான்னு அவனுக்கு எப்படித் தோணுச்சு? எந்த ஊர்லயோ உக்காந்துக்கிட்டு... இதைச் செஞ்சவன் கைக்கு முத்தம் குடுக்கணும்.

அமீர் நிஷா: இதை எடுத்துக்கறோம், லூர்தம்மா. எனக்கு.

லூர்தம்மாள்: உங்களுக்கா? மரைக்காரய்யாவுக்குன்னுல்ல...

அமீர் நிஷா: எனக்குத்தான். எனக்குக் கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது இப்பல்லாம். யாராவது கேட்டா நீங்களும் அப்படியே சொல்லுங்க.

லூர்தம்மாள்: ...சரிங்கம்மா. அப்படியே சொல்றேன். இருங்க, உள்ளே போய் அதோட சாவியும் தோல் பெட்டியும் எடுத்தாறேன்.

தாவூது: போயிட்டாங்களா?

அமீர் நிஷா: போயிட்டாங்க.

தாவூது: உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லையே, நிஷா.

அமீர் நிஷா: இல்லீங்க.

தாவூது: மவனுக்குத் தெரிஞ்சா, நாளையிலேருந்து கடைக்கு வராதீங்க வாப்பாம்பான். துணியைத் தொட்டே தரம் சொல்லிடுவேன் நான், அதை எவன் நம்புவான்? மூலையில உக்கார வச்சுடுவாங்க. அந்தப் பயம்தான்... உனக்கு எப்பலேருந்து தெரியும்?

அமீர் நிஷா: போன நோன்புலேருந்து.

தாவூது: அப்பவேவா? தினம் குர்ஆனை விரிச்சு வச்சுத்தானே ஓதினேன்!

அமீர் நிஷா: விரிச்சு வச்சீங்க. யாசீன் அத்தியாயம் உங்களுக்கு மனப்பாடம்.

தாவூது: பக்கத்தைப் புரட்ட மறந்துபோயிடும். ஆனா அதுவாப் புரளும், சத்தம் கேக்கும்... கடல்காத்துன்னு நெனச்சேன். அல்லாஹ்வே காத்தை அனுப்பி என் மானத்தைக் காப்பாத்துறான்னு அழுதிருக்கேன், நிஷா.

அமீர் நிஷா: காத்து இல்லீங்க, நான். மவன் எட்டிப் பார்க்கறப்ப ஒரே பக்கத்துல நிக்கக் கூடாதேன்னு வந்து வந்து புரட்டிவிட்டுப் போவேன்... சரி, பொத்தானை அழுத்துங்க. மணி என்னன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க.